செவித்திறன் இழந்தோரின் ஆசிரியர் லோரான் கிளேர்: மூன்றாண்டுப் பணிக்குச் சென்று ஆயுள் முழுவதும் கற்பித்தவர்

காது கேளாத குழந்தைகளுக்குக் கல்வி புகட்ட, காது கேளாத ஒருவரே தகுதியானவர் என்பதைத் தம் வாழ்நாள் உழைப்பால் நிறுவியவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த லோரான் கிளேர். அமெரிக்காவில் காது கேளாதோர் கல்விக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார்.

1785-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி தென்கிழக்கு பிரான்ஸில் உள்ள லா பால்ம் கிராமத்தில் கிளேர் பிறந்தார். ஒரு வயதில் நாற்காலியிலிருந்து அடுப்புத் தீயில் விழுந்ததால், வலது கன்னத்தில் நிலைத்த தழும்பு ஏற்பட்டது. இரு விரல்களால் கன்னத்தை வருடிக் காட்டும் சைகையே பின்னாளில் அவரது பெயராயிற்று.

12-ஆவது வயதில் பாரிஸில் உள்ள காது கேளாதோர் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கு சைகை மொழி வழியே கல்வி கற்றார். காது கேளாத ஆசிரியரான ஜான் மஸ்யூ அவருக்கு வழிகாட்டினார். ஒருமுறை பேச்சுப் பயிற்சியின்போது, உச்சரிப்பு சரியாக வராததால் சினமுற்ற உதவி ஆசிரியர் அவரது தாடையில் அடித்தார். நாக்கு கடிபட்டுத் துன்புற்ற கிளேர், இனிப் பேசக் கற்பதில்லை என்று உறுதி பூண்டார். ஆயினும், தாம் பயின்ற பள்ளியிலேயே உயர்நிலை வகுப்பின் ஆசிரியராக உயர்ந்தார்.

1815-இல் ஆசிரியர்கள் சிக்கார், மஸ்யூ ஆகியோருடன் லண்டன் சென்ற கிளேர், அங்கு அமெரிக்கரான தாமஸ் கேலடெட்டைச் சந்தித்தார். ஹார்ட்ஃபோர்டு நகர மருத்துவர் காக்ஸ்வெல்லின் காது கேளாத மகள் ஆலிஸ் போன்ற குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கும் நோக்கில், கற்பிக்கும் முறையை அறிய ஐரோப்பா வந்திருந்தார் கேலடெட். அவரது அழைப்பை ஏற்று, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் 1816-இல் கிளேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 52 நாள் கடற்பயணத்தில் கிளேர் சைகை மொழியைக் கற்பிக்க, கேலடெட் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார்.

1817-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆலிஸ் உள்பட 7 பேர் மட்டுமே பயின்றனர். மறு ஆண்டு கிளேர் வாஷிங்டன் சென்று நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார். 1819-இல் அலபாமாவில் சுமார் 23 ஆயிரம் ஏக்கர் நிலத்தை நாடாளுமன்றம் பள்ளிக்கு வழங்கியது. அவர் கொண்டுசென்ற பிரெஞ்சு சைகைகளும், மாணவர்கள் தத்தம் ஊர்களிலிருந்து கொண்டுவந்த சைகைகளும் கலந்து அமெரிக்க சைகை மொழி உருவானது. அவரிடம் பயின்றவர்கள் பிற மாநிலப் பள்ளிகளிலும் ஆசிரியர்களாயினர்.

பள்ளியில் ஒன்றுகூடியவர்கள் கல்வி முடிந்த பின்னரும் பிரிந்துவிடவில்லை. 1850-இல் முன்னாள் மாணவர்கள் ஹார்ட்ஃபோர்டில் திரண்டு கிளேருக்கும் கேலடெட்டுக்கும் வெள்ளிப் பாத்திரங்களைப் பரிசளித்தனர். 1854-இல் நியூ இங்கிலாந்து பகுதியில் அவர்களுக்கென ஒரு சங்கம் உருவானது.

மூன்று ஆண்டுகளுக்கெனச் சென்ற கிளேர், 41 ஆண்டுகள் கற்பித்து 1858-இல் ஓய்வு பெற்றார். 1864-இல் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லூரியின் தொடக்க விழாவிலும் பங்கேற்றார். 1869-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி, 83-ஆவது வயதில் காலமானார்.

அவர் மறைந்து 11 ஆண்டுகளில், இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பள்ளிகளில் சைகை மொழிக்கு மாறாகப் பேச்சுப் பயிற்சியே வேண்டும் எனத் தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வகுப்பறைகளை விட்டு வெளியேற நேர்ந்தது. எனினும், அதே 1880-இல் அமெரிக்காவின் காது கேளாதோர் தேசிய சங்கத்தை அமைத்துத் தங்கள் மொழியைக் காத்தனர். மிலான் தீர்மானங்களை நிராகரித்து, அவற்றால் விளைந்த தீங்குக்கு 2010-இல் வான்கூவர் சர்வதேச மாநாடு வருத்தம் தெரிவித்தது. கிளேர் வாழ்ந்து காட்டிய உண்மை ஏற்கப்பட 130 ஆண்டுகள் ஆயின.