துறைமுக அலுவலகத்தில் ஒரு கணிதமேதை

கற்ற கல்வி ஒன்று, கிடைத்த தொழில் வேறொன்று என வாழும் பெற்றோர் நம் ஃபர்வானியாவிற் பலர். அவர்களுக்கும் அவர்தம் செல்வங்களுக்கும் கணிதமேதை சீனிவாச இராமானுஜன் பார்த்த உத்தியோகத்தைப் பற்றிக் கூற விழைகின்றோம்.

1887 டிசம்பர் 22 இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையாற் கல்லூரித் தேர்வுகளிலே தோல்வியுற்றார், உதவிப்பணமும் பறிபோயிற்று. 1909 இல் திருமணம் நிகழ்ந்தது. இனி ஊதியம் வேண்டும்.

1912 மார்ச் 1 ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுதுவினைஞராக அமர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கணக்கேடு எழுதுவது வேறு, கணித ஆராய்ச்சி வேறு. (இரண்டும் ஒன்றே எனக் கருதுவோர் இன்றும் உளர்!) எண்களின் இயல்பை ஆராய்ந்தவருக்கு வரவுசெலவுக் கூட்டல் என்ன நிறைவைத் தந்துவிடும்? ஆயினும் அவ்வலுவலகம் அவருக்கு வாய்த்த பெரும்பேறு என்றே நாம் கொள்கின்றோம். அங்கு தலைமைக் கணக்கராயிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவர். பகலில் மேலதிகாரியாயிருந்த அவர், வேலை முடிந்தபின் சிலேட்டும் கையுமாக இராமானுஜனுடன் அமர்ந்தார். இடைப்படிகளைத் தாண்டி முடிவை மட்டும் எழுதும் இளைஞரை, பிறருக்கும் விளங்குமாறு விரித்தெழுதும்படி வற்புறுத்தினார். கழகத் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவு நல்கினார். தம் கீழ்ப் பணிபுரிபவரின் நாட்டம் அறிந்து வழிவிடும் அதிகாரிகள் எத்தனை பேருக்கு வாய்ப்பர்?

அப்பணியில் இருந்தவாறே 1913 ஜனவரியிற் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு மடல் வரைந்தார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவிப்பணம் வழங்கியது. கணக்கேடு நீங்கிற்று, கணிதமே தொழிலாயிற்று.

1914 இற் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே தொழில் பொருந்தியது, சூழல் பொருந்தவில்லை. ஹார்டியைப் போன்ற துணைவர் வேறெங்குங் கிடைத்திரார். ஆனாற் கடுங்குளிர், தாமே சமைத்துண்ட மரக்கறி உணவு, உலகப் போர்க்காலத் தட்டுப்பாடு, உறவினரற்ற தனிமை ஆகியன அவரை வாட்டின. 1917 இல் நோயுற்று மருத்துவமனை புகுந்தார். மறு ஆண்டு அரச கழக உறுப்பினர் என்னும் உயர்மதிப்பு வந்தபோதும் உடல் தேறவில்லை.

1919 இல் தாயகம் மீண்டார். நோயின் நடுவிலும் ஆராய்ச்சியை விடாது, 1920 ஜனவரியிற் புதிய கண்டுபிடிப்பொன்றை ஹார்டிக்கு எழுதியனுப்பினார். அவ்வாண்டு ஏப்ரல் 26 இல், 32 ஆம் வயதிலே, சென்னையில் மறைந்தார்.