சம்பளம் வேண்டாம் என்றவர்!

திருபுவனையிலிருந்து வில்லியனூர் வழியாகக் கிழக்கே போனால் புதுவை. அங்கே கடற்கரைக்குப் பக்கத்தில், அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி ஒன்று இருக்கிறது. பெயர் கோல்கொண்டா. அந்த விடுதியின் கட்டில், மேஜை, நாற்காலிகளுக்குப் படம் போட்டவர் ஓர் அமெரிக்கர். ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர்.

அவர்தான் ஜார்ஜ் நகஷிமா.

1905-ம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்போக்கேன் நகரில் பிறந்தார். கட்டடக் கலை படித்துப் பட்டம் பெற்றார். கைநிறையச் சம்பாதித்து ஊரோடு இருந்திருக்கலாம். ஆனால் 1933-ல் தம் காரை விற்றார். கப்பல் டிக்கெட் வாங்கினார். பாரிஸில் ஓராண்டு தங்கினார். பிறகு ஜப்பான் போய், ஆண்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

வெயிலுக்கு ஏற்ற வீடு

கோல்கொண்டாவைக் கட்டும் பொறுப்பு ரேமண்டுக்குக் கிடைத்தது. வேலையைக் கவனிக்க நகஷிமா 1937-ல் புதுவை வந்தார்.

புதுவை வெயிலைச் சொல்ல வேண்டுமா? இந்த வீட்டில் ஜன்னல் கண்ணாடியே கிடையாது. சுவர் முழுவதும் சாய்ந்த பலகைகள். திருப்பினால் திறக்கும்; மூடினால் மழை உள்ளே வராது. அறைக் கதவுகள் தேக்கு மரம்; அவற்றிலும் காற்றுப் புக இடைவெளி உண்டு. தரைக்குக் கறுப்புக் கடப்பைக் கல். ஆசிரமத்துப் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுப் பிடிகள் வார்த்தார்கள். சித்தாள் வேலையையும் ஆசிரமவாசிகளே செய்தார்கள்.

அவர்களோடு பழகப் பழக, நகஷிமாவின் மனம் மாறியது. சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆசிரமத்தில் சேர்ந்தார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயர் சூட்டினார். அழகில் ஆனந்தம் காண்பவர் என்பது பொருள்.

1939-ல் அவர் புதுவையை விட்டுப் புறப்பட்டார்.

முள்வேலிக்குள்

அமெரிக்கா திரும்பினார், திருமணம் செய்துகொண்டார், சியாட்டில் நகரில் மேஜை நாற்காலி செய்யத் தொடங்கினார். அதற்குள் ஜப்பானோடு போர் மூண்டது. ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, 1942-ல் அவரையும் முகாமில் அடைத்தார்கள். அமெரிக்காவிலேயே பிறந்தவர்! மனைவியும் கைக்குழந்தையும் உடன் போனார்கள்.

இடாஹோ மாநிலத்துப் பாலைவன முகாம் அது. அங்கே கெந்தாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சர் இருந்தார். பட்டதாரியான நகஷிமா அவரிடம் மாணவரானார். நல்ல மரம் ஏது? கழித்துப்போட்ட துண்டுகளில் உளி பிடிக்கக் கற்றார். இந்தப் படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவருக்குக் கிடைக்காதது.

1943-ல் பழைய முதலாளி ரேமண்ட் கைகொடுத்தார். பென்சில்வேனியாவில் இருந்த தம் பண்ணைக்கு அழைத்துக்கொண்டார். அங்கே முதலில் கோழி வளர்ப்பு. பிறகு சொந்தப் பட்டறை.

விரிசல் விழுந்த பலகை

மற்றத் தச்சர்கள் ஒதுக்கும் பலகையை நகஷிமா விரும்பி எடுப்பார். ஓரத்தைச் சீவ மாட்டார். மரம் வளர்ந்த வளைவு அப்படியே இருக்கும். விரிசலை மறைக்க மாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவில் சிறு கட்டை செதுக்கி, குறுக்கே பதித்து இறுக்குவார். அந்த மேஜைகளுக்குச் செல்வர்கள் காத்துக் கிடந்தார்கள்.

1964-ல் மறுபடி இந்தியா வந்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மேஜை நாற்காலி வடிவமைத்தார். வயதான காலத்தில், கண்டந்தோறும் ஓர் அமைதி மேஜை வைக்க ஆசைப்பட்டார். முதல் மேஜை 1986-ல் நியூயார்க் மாதா கோவில் ஒன்றில் அமைந்தது.

1990-ல் அவர் காலமானார். மகள் வேலையைத் தொடர்ந்தார். 1996-ல் ஓர் அமைதி மேஜை கப்பலேறிப் புதுவையை அடுத்த ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது.