வெப்பத்தில் மயங்கிய ஈ: ஒபைத் சித்திக்கியின் ஆய்வு வாழ்க்கை

பெங்களூரு: இந்தியாவில் நரம்பியல் மரபணு ஆய்வுக்கு அடித்தளமிட்ட ஒபைத் சித்திக்கி, 1932 ஜனவரி 7 அன்று உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தில் பிறந்தார். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்ற பின் டெல்லியில் கோதுமை ஆய்வைத் தொடங்கினார். ஆலங்கட்டி மழையில் அந்தப் பயிர் அழிந்தது. அதன் பிறகு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்று, பொன்டெகொர்வோவிடம் பூஞ்சை மரபியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962-ல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார்.

அவருடைய பெயரை நிலைநிறுத்தியது பழ ஈ. அழுகும் வாழைப்பழத்தை மொய்க்கும் அதே சிற்றீதான். 1970-களில் கலிபோர்னியாவில் சீமோர் பென்சருடன் இணைந்து, வெப்பம் கூடியதும் செயலிழந்து விழும் ஈக்களை ஆராய்ந்தார். அவற்றுள் ஒரு வகை, குளிரூட்டிய பின்னரும் நெடுநேரம் எழவில்லை. அதற்கு 'கோமடோஸ்', அதாவது ஆழ்மயக்கம், எனப் பெயரிடப்பட்டது.

அந்த மயக்கத்தின் காரணம் 1990-களில்தான் முழுமையாகத் தெளிவானது. நரம்புச் செல்கள் செய்தி கடத்தும்போது, வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் செல்லின் விளிம்போடு இணைந்து திறக்கின்றன. இணைப்பில் பிணைந்த புரதங்களைப் பிரித்து, மீண்டும் பயன்படச் செய்யும் புரதமே இந்த ஈக்களில் பழுதுற்றிருந்தது. ஏறத்தாழ அதே புரதம் ஈஸ்டிலும் மனிதரிலும் உண்டு. பல கோடி ஆண்டுப் பரிணாமம் அதைக் கைவிடவில்லை.

மும்பை திரும்பிய சித்திக்கி, மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸுடன் ஈயின் சுவை, மணம் அறியும் திறன்களை ஆராய்ந்தார். ஈயின் மணமறியும் உறுப்புகளுள் ஒரு பகுதி உருவாக 'அடோனல்' மரபணு தேவை என்பதை ரோட்ரிக்ஸின் ஆய்வகம் பின்னர் காட்டியது. அதன் உறவு மரபணு ஒன்றே பாலூட்டிகளின் உட்செவியில் ஒலியுணரும் செல்களை உருவாக்குகிறது.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் நிறுவன இயக்குநராகவும் அவர் பணியாற்றினார். 2006-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். ஆயினும் பதவிக் காலத்துக்குப் பின்னும் ஆய்வகத்தை அவர் விடவில்லை.

பெங்களூருவில் நேர்ந்த சாலை விபத்தில் காயமுற்ற அவர், 2013 ஜூலை 26 அன்று 81-வது வயதில் காலமானார். செல்களுக்குள் நுண்பைகள் இயங்கும் முறையைக் கண்டறிந்த ராத்மேன், ஷெக்மேன், சூடாஃப் ஆகியோருக்கு அதே ஆண்டு அக்டோபரில் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. கோமடோஸ் ஈயில் பழுதுற்றிருந்த புரதத்தைப் பாலூட்டிச் செல்களில் முதலில் பிரித்தெடுத்தது ராத்மேனின் குழு.