எச்சரிக்கையை மீறிய ஒரு சாதனை விமானி

விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் துணிச்சலுக்கு உதாரணமாகக் கூறப்படும் பெயர்களுள் அமெரிக்கரான வைலி போஸ்டின் பெயரும் ஒன்றாகும். துணிச்சல் மாத்திரம் ஒரு விமானியைக் காப்பாற்றுவதில்லை என்பதற்கும் அவரது வாழ்வே சான்றாக அமைந்தது.

1898 ஆம் ஆண்டு டெக்ஸாஸ் மாநிலத்தில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்த போஸ்ட், இளமையில் கொள்ளைக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர். 1926 இல் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்தபோது ஏற்பட்ட விபத்தில் இடது கண்ணை இழந்தார். நட்டஈடாகக் கிடைத்த பணத்தில் தமது முதலாவது விமானத்தை வாங்கிய அவர், ஒற்றைக் கண்ணால் தூரத்தைக் கணிக்கத் தம்மைப் பழக்கிக்கொண்டார்.

1931 இல் ஹரோல்ட் கட்டியுடன் 'வின்னி மே' விமானத்தில் உலகை எட்டு நாட்கள் 16 மணித்தியாலங்களுக்குள் வலம் வந்தார். 1933 இல் தனியொருவராக எட்டு நாட்களுக்குள் உலகைச் சுற்றிய முதல் மனிதரானார். 1934 இல் அவரது முயற்சியால் உருவான அழுத்த உடை, பிற்கால விண்வெளி உடைகளுக்கு முன்னோடியாயிற்று.

இத்தகைய அனுபவசாலியே 1935 இல் பாரதூரமான தவறொன்றைச் செய்தார். ஒரு விமானத்தின் உடலுடன் வேறொரு விமானத்தின் இறக்கைகளை இணைக்க அவர் விரும்பினார். அது ஆபத்தானதெனக் கருதிய லொக்ஹீட் நிறுவனம் உடன்பட மறுக்கவே, வேறிடத்தில் அவ்வேலையைச் செய்வித்தார். நீரில் இறங்குவதற்காகப் பாரமான மிதவைகளும் பொருத்தப்பட்டன. இதனால் விமானத்தின் முன்பகுதி அளவுக்கு மீறிக் கனத்தது. இயந்திரம் முழு வலுவுடன் இயங்கும்வரை இக்குறை சமாளிக்கக்கூடியதாகவே இருந்தது.

ஓகஸ்ட் 15 ஆம் திகதி, புகழ்பெற்ற நகைச்சுவை எழுத்தாளரும் நடிகருமான வில் ரோஜர்ஸுடன் அலாஸ்காவின் பொயின்ட் பரோவை நோக்கிச் சென்ற போஸ்ட், சீரற்ற காலநிலையில் வழிதவறி ஒரு களப்பில் இறங்கினார். அங்கிருந்த பழங்குடியினரிடம் வழி கேட்டறிந்து மீண்டும் மேலெழுந்த சிறிது நேரத்தில் இயந்திரம் நின்றுபோனது. முன்பாரத்தால் மூக்கு தாழ்ந்த விமானத்தைச் சமநிலைப்படுத்த உயரமும் இருக்கவில்லை, வேகமும் இருக்கவில்லை. விமானம் களப்பில் தலைகீழாக வீழ்ந்தது, இருவரும் உயிரிழந்தனர். போஸ்டுக்கு அப்போது வயது 36.

இயந்திரம் பழுதடைவது எந்த விமானிக்கும் நேரக்கூடியது. அவ்வேளையில் தப்புவதற்கு இடமளிக்காத விமானத்தைத் தெரிவு செய்ததே மனிதத் தவறாகும். அத்தவறுக்கான விலையை அவரை நம்பி உடன் ஏறியவரும் செலுத்த நேர்ந்தது. சாதனையாளருக்கும் எச்சரிக்கை பொருந்தும் என்பதே இம்மரணங்கள் விட்டுச் சென்ற பாடமாகும்.