கிழக்குச் சரிவின் கமக்காரன்

எங்கள் வீட்டில் இரண்டு தாச்சிகள் உண்டு. ஒன்று குசினிக்குள் இருக்கிறது, அதில் மீனும் கோழியும் பொரியும். மற்றது பின்வளவில் முருங்கை மரத்தில் அடித்த ஆணியில் தொங்குகிறது. அது பன்றிக்கு மட்டும். நற்பிட்டிமுனையில் தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி இருக்கிறோம். பெருநாளுக்குப் பக்கத்து வளவிலிருந்து வட்டிலப்பம் வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் புக்கை போகும். அந்தப் போக்குவரத்து நிற்காமல் இருக்க வேண்டுமானால் தாச்சி இரண்டாக இருக்கத்தான் வேண்டும். யாரும் போட்ட சட்டமல்ல. வயலுக்குள் இறங்கி வேளாண்மையைக் கிண்டிய காட்டுப்பன்றியை அப்பப்பா காலத்தில் பிடித்தால், வளவின் கோடியில் மூன்று கல் வைத்துத்தான் சமைப்பார்களாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் குசினிக்குள் வந்து கூச்சமில்லாமல் கோப்பையை நீட்டும் பழக்கம் அப்படித்தான் நிலைத்தது.

கனடாவில் இருக்கும் என் மச்சான் பதினொரு வருடம் ஒரு சீனக் கடையின் குசினியில் நின்றவர். அகதியாகப் போய்ச் சேர்ந்த எங்கள் ஆட்களில் பலருக்கு முதல் வேலை ஏதோவொரு குசினியில்தானே கிடைத்தது. அந்தக் கடையில் பெட்டியில் கட்டிக் கொடுக்கும் மொறுமொறுப்பான பன்றிப் பொரியலை வீட்டில் செய்வது எப்படியென்று ஒருநாள் வீடியோவில் காட்டினார். மட்டக்களப்பிலிருந்து அரைக் கிலோ இறைச்சி வாங்கி வந்து அன்றே செய்தேன். கரிந்துபோனது. தேங்காய் எண்ணெயில் பொரித்ததுதான் பிழை. எங்கள் செக்கெண்ணெய் அவ்வளவு சூட்டைத் தாங்காது, புகைந்துவிடும். சுத்திகரித்த மரக்கறி எண்ணெய் வேண்டும் என்றார் மச்சான்.

இரண்டாம் முறை வந்தது. கொஞ்சம் கொழுப்புள்ள தோள்பகுதி இறைச்சியைச் சுண்டுவிரல் தடிப்பில் நீளமாக வெட்டி, உப்பு, மிளகுத்தூள், சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, இடித்த இஞ்சி, உள்ளி சேர்த்து அரை மணித்தியாலம் ஊறவிட வேண்டும். பிறகு ஒரு முட்டை, ஆறு மேசைக்கரண்டி சோளமா, இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா. அகப்பைக் காம்பை எண்ணெயில் வைத்தால் அதைச் சுற்றிச் சின்னக் குமிழிகள் எழும்ப வேண்டும், அந்தச் சூட்டில் நான்கு நிமிடம் பொரித்து எடுத்து ஆறவிடுவது. இங்கேதான் நான் முதலில் அவசரப்பட்டேன். ஆறும்போது உள்ளிருக்கும் ஈரம் வெளித்தோலுக்கு வருகிறது. எண்ணெயை இன்னும் சூடாக்கி ஒரு நிமிடம் மறுபடியும் போட்டால் அந்த ஈரம் போய்விடும், தோல் கண்ணாடிபோல் நொறுங்கும். காட்டுப்பன்றியில் இதைச் செய்ய வேண்டாம். அதன் இறைச்சி முறுக்கானது, புழுப் பயமும் உண்டு. அதை ஆறுதலாக வேகவைத்தே தின்ன வேண்டும்.

ஆறுதலாக வேகவைப்பதைச் சொல்லும்போதுதான் மச்சான் அந்த மனிதரின் பெயரைச் சொன்னார். அவருடைய கடையில் பன்றியின் வயிற்றுப்பகுதியை மணிக்கணக்காக வேகவைத்துச் செய்யும் கறி ஒன்றுக்கு டொங்போ என்று பெயராம். அது ஒரு கவிஞனின் பெயர் என்று சமையற்காரர் சொல்லியிருக்கிறார். கவிஞனின் பெயரில் பன்றிக்கறியா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்துக்கொண்டு போகப் போக, சமையற்குறிப்பு எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது.

அவருடைய இயற்பெயர் சு ஷி. 1037 இல் சீனாவின் மேற்கே சிச்சுவானில் மெய்ஷான் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் சு சுன், தம்பி சு ஜெ. மூவருமே சீன உரைநடையின் எட்டுப் பேராசான்கள் வரிசையில் வைக்கப்படுபவர்கள். 1057 இல் அண்ணனும் தம்பியும் தலைநகரில் அரச சேவைப் பரீட்சையில் ஒன்றாகத் தேறினார்கள். சு ஷியின் விடைத்தாளைப் பார்த்த பரீட்சகர், இது தன் மாணவன் எழுதியதாக இருக்கும், முதலிடம் கொடுத்தால் பழி வரும் என்று நினைத்து இரண்டாமிடம் கொடுத்தார் என்பது பிரசித்தமான கதை. அந்த வெற்றியைக் கொண்டாட முடியவில்லை. அதே வருடம் தாய் இறந்துபோனார். பிறகு 1065 இல் மனைவி, 1066 இல் தகப்பன்.

அரசியலில் அவர் எந்தப் பக்கத்துக்கும் உகந்தவராக இருக்கவில்லை. வாங் அன்ஷி என்ற முதலமைச்சர் கொண்டுவந்த புதிய திட்டங்களில் ஒன்று, கமக்காரருக்கு அரசே 20 வீத வட்டிக்குக் கடன் கொடுப்பது. கடன் வேண்டாதவனையும் வாங்கவைத்து அதிகாரிகள் கணக்குக் காட்டினார்கள். சு ஷி எதிர்த்தார். மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டார். போன இடங்களில் கண்டதைக் கவிதையில் எழுதினார். உப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மூன்று மாதமாக உப்பில்லாமல் சாப்பிடும் மலைக்கிராமத்து மனிதரைப் பற்றியும் எழுதினார். வருடங்கள் கழித்து எதிராளிகள் ஆட்சிக்கு வந்தபோது, அதாவது வாங் அன்ஷியின் திட்டங்களையெல்லாம் ஒரேயடியாக ஒழிக்கப் பார்த்தபோது, அவற்றில் நல்லதை வைத்திருங்கள் என்று சொல்லி அவர்களோடும் முரண்பட்டார். இரண்டு பக்கமும் பகையாகிப்போகும் மனிதர்களை எங்கள் மண்ணிலும் கண்டிருக்கிறோம். அவர்களில் பலருக்கு 64 வயதுவரை வாழக் கிடைக்கவில்லை.

1079 இல் அந்தக் கவிதைகளை வைத்தே அவரைக் கைது செய்தார்கள். பேரரசரை அவமதித்தார் என்பது குற்றச்சாட்டு. குடும்பம் படகில் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது ஆட்கள் வந்து சோதனை போட்டார்கள். அவர்கள் போனபின் வீட்டுப் பெண்கள் பயத்திலும் ஆத்திரத்திலும் அவருடைய எழுத்துகளில் பெரும்பகுதியை நெருப்பில் போட்டார்கள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்க் கொஞ்சநேரம் நின்றேன். 1990 இல் எங்கள் ஊர்ப் பக்கம் எத்தனை வீட்டு அடுப்பில் அல்பங்களும் கடிதங்களும் எரிந்தன. எங்கள் வீட்டில் எரிந்தவற்றில் அண்ணனுடைய பரீட்சைச் சான்றிதழும் இருந்தது. அதில் ஒட்டியிருந்தது அவருடைய படம் என்பதற்காக.

சிறையில் சு ஷி நான்கு மாதங்களுக்கு மேல் கிடந்தார். மூத்த மகன் சு மாய் தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பான். இறைச்சியும் மரக்கறியும் மட்டும் அனுப்ப வேண்டும், மரண தண்டனை என்று தெரிந்தால் மட்டும் மீன் அனுப்ப வேண்டும் என்பது தகப்பனுக்கும் மகனுக்கும் இடையிலான ஏற்பாடு. ஒருநாள் மகன் காசு தேடி வெளியூர் போக, விசயம் தெரியாத உறவினர் ஒருவர் ஆசையாக மீன் சமைத்து அனுப்பிவிட்டார் என்று சொல்வார்கள். அந்தத் தட்டைப் பார்த்தவர் தன் தம்பிக்கு இறுதிக் கவிதைகள் எழுதி வைத்தாராம்.

எங்கள் அம்மாவும் ஒரு முகாம் வாசலுக்குப் பார்சல் கொண்டு போனவர்தான். எனக்கு அப்போது பதினான்கு வயது. சோறும் முட்டைப் பொரியலும் வாழையிலையில் கட்டி, அதன்மேல் பேப்பர் சுற்றி, வெயிலில் வரிசையில் நிற்போம். எட்டு நாட்கள் பார்சலை வாங்கினார்கள். ஒன்பதாம் நாள் அது திரும்பி வந்தது. அப்படி ஒருவர் அங்கே இல்லை என்றார்கள். அம்மா அந்தப் பார்சலை வழியில் எறியவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. வீடுவரை கொண்டுவந்து அடுப்பங்கட்டில் வைத்தார். முட்டைப் பொரியல் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு செய்வதில்லை.

சு ஷிக்கு மீன் பொய்யாகிப்போனது. தன் பதவியையே கொடுத்து அண்ணனை மீட்கக் கேட்டார் சு ஜெ, அதற்காக அவரும் தண்டனையாக ஒரு சின்னப் பதவிக்கு இறக்கப்பட்டார். 1080 இன் தொடக்கத்தில் சு ஷியை யாங்சி ஆற்றங்கரையில் உள்ள ஹுவாங்ஜோவுக்கு அனுப்பினார்கள். பெயருக்கு ஒரு பதவி. எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது.

அங்கே குடும்பம் வந்து சேர்ந்தபோது கையிருப்புக் கரையத் தொடங்கியது. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி 4,500 செப்புக் காசுகளை எடுத்து, 30 கொத்தாகக் கோத்து, கூரை வளையில் தொங்கவிடுவார். காலையில் ஒரு தடியால் ஒரு கொத்தை இறக்குவார், அந்த 150 காசுதான் அன்றைக்கு. தடியை ஒளித்து வைத்துவிடுவார். செலவுபோக மிஞ்சுவதை ஒரு மூங்கில் குழாயில் போட்டு விருந்தாளிகளுக்காகச் சேர்த்தார். முகாமில் இருந்த காலத்தில் நிவாரண மாவை அம்மா பால்பேணியால் அளந்து ஏழு பொட்டலமாகக் கட்டி வைப்பார். அந்த ஏழிலிருந்தும் ஒவ்வொரு பிடி கிள்ளி எட்டாவதாக ஒரு பொட்டலம் இருந்தது. அது யாருக்கென்று நாங்கள் கேட்பதில்லை.

1081 இல் நண்பர் ஒருவர் முயன்று, ஊருக்குக் கிழக்கே பழைய படைமுகாம் இருந்த ஒரு தரிசு நிலத்தைப் பெற்றுக் கொடுத்தார். கல்லும் முள்ளும் ஓட்டுத்துண்டும் நிறைந்த இடம். சு ஷி மண்வெட்டி பிடித்தார். அரச மண்டபத்தில் நின்ற கைகள் நெல்லும் கோதுமையும் போட்டன. டொங்போ என்றால் கிழக்குச் சரிவு. அந்த நிலத்தின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டார். இயற்பெயரை விட அந்தப் பெயரில்தான் உலகம் இன்று அவரை அறிகிறது. படைமுகாமாகக் கிடந்த நிலத்தைத் திருத்தி விதைப்பது எவ்வளவு பாடு என்று எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவருக்கு ஒரு வசதி, அந்தக் காலத்தில் மிதிவெடி இல்லை.

பன்றி வருவது இங்கேதான். சொங் அரசர்களின் அரண்மனைச் சமையலில் ஆட்டிறைச்சிக்கே மதிப்பு. பன்றி கீழானது. ஹுவாங்ஜோவில் பன்றியிறைச்சி மண்விலைக்குக் கிடந்தது. பணக்காரர் அதைத் தொடமாட்டார்கள், ஏழைகளுக்குப் பக்குவம் தெரியாது. அவர் அதை வாங்கிவந்து, பானையைக் கழுவி, கொஞ்சத் தண்ணீர் விட்டு, தணல் நெருப்பில் வைத்து, அது தானாக வேகும்வரை விட்டுவிடப் பழகினார். இதை விளையாட்டாக ஒரு பாட்டாகவும் எழுதினார். அவருடைய மகத்தான கவிதைகள் பலவும் அதே ஹுவாங்ஜோவில்தான் எழுதப்பட்டன. ஆனால் கடைகளில் நிலைத்தது பன்றிக்கறிதான். அவருக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அவருடைய கறியில் சோளமாவும் இல்லை, மிளகாயும் இல்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், சீனாவுக்கு வந்தது அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால். ஆகவே என் மச்சானின் மொறுமொறுப்புப் பொரியலை அவர் ருசித்திருக்க மாட்டார்.

பிறகு காலம் கொஞ்சம் திரும்பியது. 1085 இல் பேரரசர் மாறினார், சு ஷி தலைநகருக்கு அழைக்கப்பட்டார். 1089 இல் ஹாங்ஜோ நகரின் ஆளுநரானார். பஞ்சமும் தொற்றுநோயும் வந்தபோது அரச பணத்தோடு தன் சொந்தப் பொன்னையும் சேர்த்து நோயாளர் மடம் ஒன்றை நிறுவினார். தூர்ந்து கிடந்த மேற்கு ஏரியைத் தோண்டி, எடுத்த சேற்றாலேயே ஏரிக்குக் குறுக்கே ஏறத்தாழ 2.8 கிலோமீற்றர் நீள அணை போட்டார். அது இன்றும் அவருடைய பெயரில் இருக்கிறது. அந்த வேலையாட்களுக்கு அவர் பன்றிக்கறி சமைத்துக் கொடுத்ததாக ஹாங்ஜோக்காரர் சொல்வது ஊர்க்கதை.

1094 இல் மீண்டும் அரசியல் புரண்டது. இம்முறை தெற்கே ஹுய்ஜோ. வயது 57. கூடவே வந்த ஜாவ்யுன் என்ற துணைவியார் 1096 இல் அங்கே நோயில் இறந்தார். அவர் பெற்ற குழந்தையை ஏற்கெனவே 1084 இல் பயணத்தில் பறிகொடுத்திருந்தார்கள். ஹுய்ஜோவில் குன்றொன்றில் சொந்தமாக ஒரு வீடு கட்டி முடித்தார். முடித்துச் சில வாரங்களில், கடல் கடந்து ஹைனான் தீவுக்குப் போ என்று உத்தரவு வந்தது. 1097. இனித் திரும்ப மாட்டேன் என்று பிள்ளைகளிடம் விடைபெற்று, கடைசி மகன் சு குவோவை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்ததும் முதலில் சவப்பெட்டி, பிறகு புதைகுழி என்று ஒழுங்கு செய்யப்போவதாக எழுதினார். தங்கியிருந்த அரச விடுதியிலிருந்தும் அவரைக் கிளப்பினார்கள். அந்தத் தீவின் சனங்கள்தான் மரத்தோப்பொன்றில் மண் சுமந்து அவருக்குக் குடிசை கட்டிக் கொடுத்தார்கள். அவருடைய மொழியோ குலமோ அல்லாத சனங்களும் அதில் இருந்தார்கள். அவர் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்.

1100 இல் மன்னிப்பு வந்தது. வடக்கே திரும்பும் வழியில் 1101 இல் சாங்ஜோவில் இறந்தார். அடுத்த சில வருடங்களிலேயே அவருடைய நூல்களைத் தடைசெய்து அச்சுப் பலகைகளையும் எரித்தார்கள். சனங்கள் இரகசியமாகப் படித்தார்கள்.

இவ்வளவையும் நான் வாசித்து முடித்தபின் எனக்குத் தங்கிய ஒன்று பன்றியைப் பற்றியதல்ல. ஹுய்ஜோச் சந்தையில் நாளுக்கு ஒரு ஆடுதான் அறுப்பார்களாம். நல்ல துண்டுக்கு அதிகாரிகளோடு போட்டியிட, தண்டனையில் இருப்பவருக்குத் துணிவில்லை. ஆகவே யாரும் கேட்காத முள்ளந்தண்டு எலும்பை வாங்கிவந்து, அவித்து, மதுவில் நனைத்து, கொஞ்சம் உப்புத் தடவி, லேசாகக் கருகும்வரை நெருப்பில் வாட்டி, எலும்பிடுக்கில் உள்ளதைக் கிண்டித் தின்பார். இதைத் தம்பிக்குக் கடிதத்தில் எழுதினார். நண்டு தின்பதுபோல் இருக்கிறதென்றும், இந்த முறை பரவினால் நாய்களுக்குத்தான் கோபம் வருமென்றும்.

போன மாதம் பக்கத்து வளவுக் காக்காவிடம் கல்முனைச் சந்தையில் ஆட்டு முள்ளந்தண்டு எடுத்துத் தரச் சொன்னேன். சூப்புக்கா என்று கேட்டார். இல்லை, ஒரு சீனாக்காரனுக்கு என்றேன். மதுவுக்குப் பதிலாகத் தேசிக்காய்ப் புளி விட்டு, மிளகும் உப்பும் தடவி, பாதியை அடுப்புத் தணலில் வாட்டினேன், பாதியைக் குசினித் தாச்சியில் எண்ணெய் பூசி முறுக விட்டேன். காக்காவின் பேரப்பிள்ளைகள் நாலுபேரும் எங்கள் திண்ணையில் இருந்து எலும்பைத் தட்டித் தட்டித் தின்றார்கள். அம்மாவுக்கு இப்போது பல்லில்லை, சாற்றை மட்டும் சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டார். உப்புக் காணாது என்றார் காக்கா. எங்கள் வீட்டு நாய் வேலியோரம் வெகுநேரம் காத்திருந்தது. அதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.