சர் சி. வி. இராமனும் ஒலியாராய்ச்சியும்

சர் சி. வி. இராமன் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது ஒளியேயாகும். 1928-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ம் நாள் அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவும், அதன் பொருட்டு 1930-ல் அவருக்கு அளிக்கப்பெற்ற நோபெல் பரிசும் பள்ளிச் சிறாரும் அறிந்த செய்திகளாம். ஆயின், இளமை தொட்டு நடுவயது கடந்தும் அப்பெரியாரின் உள்ளத்தை விடாது பற்றிநின்றது ஒலி என்பதைப் பலர் அறியார். அவரது வாழ்க்கையை அப்பக்கத்தினின்று நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

நமது புத்தூரிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து சென்றால் திருவரங்கத்தை அடுத்துள்ளது திருவானைக்காவல். அவ்வூரில் 1888-ம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ம் நாள், சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் இரண்டாம் மகவாக இராமன் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். மிகுந்த வருவாய் இல்லாதவர். ஆனால் புத்தகங்களிலும் பிடில் வாசிப்பதிலும் பெருவிருப்புடையவர். இராமன் குழந்தையாயிருந்தபோதே தந்தையார்க்கு விசாகப்பட்டணத்துக் கலாசாலையொன்றில் உத்தியோகம் கிடைத்தமையால், குடும்பம் அங்கே குடியேறிற்று. வீட்டில் நாள்தோறும் ஒலித்த பிடிலின் தந்தி பையனுடைய செவிக்கு இன்பம் தந்ததோடு, அது ஏன் அவ்வாறு ஒலிக்கின்றது என்னும் வினாவையும் எழுப்பியிருத்தல் வேண்டும் என்று கருத இடமுண்டு. இளமையிலே அவர் ஆழ்ந்து கற்ற நூல்களுள் ஒன்று, ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஸ்வரங்களின் உணர்ச்சியைப்பற்றி எழுதிய பெருநூலாகும்.

சென்னை இராஜதானிக் கலாசாலையில் பயின்று, 1904-ல் பி. ஏ. பட்டத்தையும் 1907-ல் எம். ஏ. பட்டத்தையும் முதன்மையாகப் பெற்றார். அக்காலத்தில் விஞ்ஞானத்தால் வயிறு வளர்க்க வழியில்லை. ஆகவே இந்திய நிதி இலாகாப் பரீட்சை எழுதி அதிலும் முதல்வராகத் தேறி, வீணை வாசிப்பில் வல்ல லோகசுந்தரி அம்மையாரை மணந்து, 1907-ல் கல்கத்தாவுக்கு அதிகாரியாகச் சென்றார். அங்கே பௌபஜார் வீதியில் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் கதவைத் தட்டினார். காலையில் அலுவலகம் செல்லுமுன்னும், மாலையில் திரும்பிய பின்னும், இரவு நெடுநேரம் வரையிலும் அச்சங்கத்தின் சோதனைச்சாலையே அவரது உண்மையான வீடாயிற்று. ரங்கூனிலும் நாகபுரியிலும் உத்தியோக நிமித்தம் கழித்த சிறிது காலம் நீங்கலாக, பத்தாண்டுகள் இவ்விதம் சென்றன.

இவ்வாண்டுகளில் அவர் வெளியிட்டவற்றுள் பெரும்பகுதி ஒலியைப் பற்றியதே. வில்லால் இழுக்கப்படும் தந்தி எவ்வாறு அதிர்கின்றது என்பதை ஆராய்ந்து 1918-ல் விரிவான நூலொன்று வெளியிட்டார். பிடிலை வாசிக்க ஓர் இயந்திரமும் செய்வித்தார். அதில் வில் அசையாது நிற்க, பிடிலே முன்னும் பின்னும் நகரும்! 1917-ல் சர் ஆசுதோஷ் முகர்ஜி கல்கத்தா சர்வகலாசாலையில் பாலித் பேராசிரியர் பதவியை அளித்தபோது, ஊதியம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்று அறிந்தும் அரசாங்க உத்தியோகத்தை உதறி அதனை ஏற்றார். பின்னர், ஜெர்மானியர் வெளியிட்ட பௌதிகப் பெருந்தொகுதியில் இசைக்கருவிகளைப் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பும் அவரிடமே வந்தது. அது 1927-ல் வெளிவந்தது.

நம் நாட்டு மிருதங்கத்தைப் பற்றிய அவரது ஆராய்ச்சியைச் சற்று விரித்தே கூறவேண்டும். வெறுந்தோல் பூட்டிய முரசை அடித்தால் எழும் மேற்சுரங்கள் தம்முள் இசைவுடையன அல்ல. ஆதலின் அவ்வொலி வெறும் முழக்கமாகவே முடிகின்றது. மிருதங்கத்தின் வலந்தலையிலோ நடுவிலே கருஞ்சாந்து அப்பப்பட்டிருக்கின்றது. அதன் கனத்தால் தோலின் அதிர்வுகள் ஒழுங்குபட்டு, ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து இசைவான சுரங்களாகத் தொகுதிப்படுகின்றன என்று இராமன் காட்டினார். 1920-ல் தொடங்கிய இவ்வாராய்ச்சியை 1934-ல் விரிவாக எழுதி வெளியிட்டார். பெயர் அறியப்படாத நம் முன்னோர் செவியையே கருவியாகக் கொண்டு எய்திய தேர்ச்சி அது. அதனை மேல்நாட்டார்முன் கணக்கோடு நிலைநாட்டியது இராமனது தொண்டு.

இதனை அவர் மெய்ப்பித்த முறை மிக எளியது. தோலின்மேல் நுண்மணலைத் தூவி அதனை அதிரச் செய்தார். அதிரும் இடங்களினின்று மணல் துள்ளி ஓடி, அதிராத கோடுகளிலே சென்று குவிந்தது. ஒரு சுரத்திற்கு ஒரு விட்டக்கோடு, மற்றொன்றிற்கு இரு கோடுகள், வேறொன்றிற்கு வட்டம் என்று ஒலியின் வடிவம் மணலில் எழுதப்பட்டது. கண்ணுக்குத் தோன்றாத ஒலி, சிதறிக்கிடக்கும் துகள்களை ஒழுங்காகத் திரட்டவல்லது என்னும் உண்மை இதில் அடங்கியிருக்கின்றது. ஜெர்மானியராகிய கிளாட்னி தகடுகளின்மேலும், குண்ட் என்பார் 1866-ல் கண்ணாடிக் குழலில் அடைபட்ட காற்றிலும் இவ்வாறே துகள்களைத் திரட்டிக் காட்டியிருந்தனர்.

1933-ல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்தியத் தலைவராக வந்தார். அடுத்த ஆண்டே இந்திய விஞ்ஞான அகாதெமியைத் தோற்றுவித்தார். அந்நாட்களில் மேல்நாட்டு அறிஞரை ஒரு புதிர் மயக்கிக்கொண்டிருந்தது. 1932-ல் அமெரிக்காவில் டெபையும் சியர்ஸும், பிரான்சில் லூக்காவும் பிக்காரும், குவார்ட்ஸ் படிகத்தை மின்சாரத்தால் அதிரச்செய்து, செவிக்கெட்டாத நுண்ணொலியைத் திரவத்தில் செலுத்தினர். அத்திரவத்தின் குறுக்கே ஒளிக்கற்றையை விட்டபோது, அது ஒன்றாகச் சென்று பலவாகப் பிரிந்து இருபுறமும் புள்ளிகளாகத் தோன்றிற்று. அப்புள்ளிகள் அத்தனை ஏன், அவற்றுள் சில ஒளிமிக்கும் சில மங்கியும் இருப்பதேன் என்பதற்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

இராமனும் அவருடைய மாணாக்கர் நாகேந்திரநாத்தும் 1935, 1936-ம் ஆண்டுகளில் அகாதெமியின் வெளியீட்டில் தொடர்ச்சியாக எழுதிய கட்டுரைகளில் விடை கூறினர். ஒலி செல்லும்போது திரவம் ஓரிடத்தில் நெருங்கியும் அடுத்த இடத்தில் நெகிழ்ந்தும் அடுக்கடுக்காக நிற்கும். நெருங்கிய அடுக்கில் ஒளி சிறிது தாமதிக்கும். நெகிழ்ந்த அடுக்கில் விரையும். ஆகவே உள்ளே தட்டையாக நுழைந்த ஒளியலை, வெளிவருங்கால் அலைத்தகடுபோல் மடிந்து வருகின்றது. இவ்வொரு கருத்தினின்றே புள்ளிகளின் பிரகாசம் பெஸ்ஸல் சார்புகளின்படி அமையும் என்று கணித்தனர். கணக்கு சோதனையோடு பொருந்திற்று. ஓடும் அலைக்கும், எதிரொலித்து ஓரிடத்தே நிற்கும் நிலையலைக்கும் உள்ள வேறுபாட்டையும் ஆராய்ந்தனர். புள்ளிகளின் இடைவெளியை அளந்து திரவங்களில் ஒலியின் வேகத்தைக் காணும் வேலையும் பெங்களூரில் நடந்தது.

இவ்வரிய வேலை நடந்த காலம் அமைதியான காலமன்று. கழகத்தின் நிர்வாகத்தைப் பற்றிப் பூசல் எழுந்து, 1936-ல் விசாரணைக் குழு அமைந்தது. 1937-ல் தலைமைப் பதவியை விட்டுப் பேராசிரியராக மட்டும் இருக்கும்படி நேர்ந்தது. இராமனது கடுஞ்சொல்லும் பிடிவாதமும் இதற்கு ஓரளவு காரணம் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் அத்தனை மனவேதனைக்கு நடுவிலும் அவர் சோதனைச்சாலையை ஒருநாளும் கைவிட்டாரல்லர். 1948 வரை அங்கேயே பேராசிரியராகத் தொடர்ந்தார்.

திரவத்திலுள்ள நிலையலை, மிதக்கும் துகள்களையும் திரட்டவல்லது. இது இராமன் செய்த வேலையன்று. அவர் காலத்திற்குப்பின் பெரிதும் வளர்ந்தது. மணல் தோலின் அதிராத கோட்டில் தங்குவதற்கும் இதற்கும் காரணம் வேறு. திரவத்தில் ஒலியே துகளின்மேல் ஒரு சிறு அழுத்தத்தைச் செலுத்துகின்றது. கிங் என்பார் 1934-ல் அதனைக் கணித்தார். துகள் பருக்கப் பருக்க அவ்விசையும் அதன் கன அளவிற்கு ஏற்ப மிகும். நீரினும் கனத்து இறுகிய அணுக்கள், அழுத்தம் மாறாத இடத்திற்குத் தள்ளப்படும். கொழுப்புத்துளிகளோ அதற்கு மாறாக, அழுத்தம் மிக மாறும் இடத்திற்கு ஓடும். நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர். வினாடிக்கு 20 இலட்சம் அதிர்வுடைய நுண்ணொலியின் அரை அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் மூன்று பங்கே. அத்துணை அகலமுள்ள கால்வாயொன்றைக் கண்ணாடியிலோ சிலிக்கனிலோ அமைத்து, இரத்தத்தை அதில் ஓடவிட்டு நுண்ணொலியை எழுப்பினால், செவ்வணுக்கள் நடுவே ஒரு கோடாகத் திரண்டு ஓடும்; கொழுப்பு கரையோரம் ஒதுங்கும். ஸ்வீடனிலுள்ள லுண்ட் சர்வகலாசாலையார் இம்முறையால் இரத்தத்தினின்று கொழுப்பைப் பிரித்துக் காட்டினர். அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியின்முன் நிறுத்தி எண்ணிச் சோதிக்கும் கருவிகளிலும் இம்முறை புகுந்து, 2009 முதல் விற்பனைக்கும் வந்துள்ளது. ஓடும் நீரில் அருகிக் கிடக்கும் அணுவைத் தேடும் வைத்தியர்க்கு இஃது எத்துணை உதவி என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

1948-ல் கழகத்தினின்று ஓய்வு பெற்ற இராமன், பெங்களூரிலேயே தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். அதனைச் சூழ மரங்களும் ரோஜாச் செடிகளும் வளர்த்தார். 1954-ல் பாரத ரத்னா பட்டம் அவரை வந்தடைந்தது. முதுமையில் மலர்களின் நிறத்தையும் கண்ணின் காட்சியையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1970-ம் ஆண்டு நவம்பர் மாதம் 21-ம் நாள் தமது 82-ம் வயதில் உயிர் நீத்தார். அவர் விரும்பியவாறே, அந்நிலையத்துத் தோட்டத்திலேயே அவரது உடல் தகனம் செய்யப்பட்டது.