கோஷாத் திரையைக் கடந்த வழக்கறிஞர்: கார்னீலியா சொராப்ஜி

தகுதி பெற்றோர் பெயரை மட்டும் பதிவேட்டில் ஏற்றி, அவர்க்கே வழக்காடும் உரிமை அளிப்பது நீதிமன்றங்களின் மரபு. சட்டமறியாத எளியோர் போலிகளிடம் சிக்காதிருக்கவே அவ்வரம்பு ஏற்பட்டது. ஆயின், அவ்வரம்பே தகுதியுடையாரை வாயிலில் தடுக்குமாயின் இழப்பு யாருக்கு? கார்னீலியா சொராப்ஜி அம்மையாரின் வரலாறு இதற்கு விடை பகர்கின்றது.

இவர் 1866-ஆம் ஆண்டு நாசிக்கில், பார்சி மரபிலிருந்து கிறிஸ்தவம் தழுவிய தந்தைக்கு மகளாகப் பிறந்தார். புனா டெக்கான் கல்லூரியில் சிறப்புறத் தேறியும், இங்கிலாந்து செல்வதற்குரிய அரசாங்க உபகாரச் சம்பளம் பெண் என்னும் காரணத்தால் மறுக்கப்பட்டது. நண்பர்கள் பொருளுதவி செய்ய, 1889-இல் ஆக்ஸ்போர்டு சேர்ந்தார். 1892-இல் சட்டத் தேர்வு எழுதிய முதற் பெண்மணி இவரே. எனினும் பட்டம் கைக்கு வர 1922 வரை, முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது!

தாயகம் திரும்பியவர், கோஷா மாதரின் துயரைக் கண்டு உளம் நொந்தார். பெருஞ்சொத்துக்கு உரிமையிருந்தும் அயல் ஆடவரைக் காணலாகாத அம்மாதர், தம் குறையை எந்த வக்கீலிடம் உரைப்பர்? இடைநின்ற காரியஸ்தர் சொன்னதே வேதவாக்கு. நீட்டிய பத்திரத்தில் கைந்நாட்டு இடுவதே வழக்கம். அந்தப்புரம் புகவல்ல பெண் வழக்கறிஞரே அவர்க்குத் துணையாதல் கூடும். அத்துணையைத்தான் விதி தடுத்தது. 1897-இல் பம்பாயில் சட்டப் பட்டமும், 1899-இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் பிளீடர் தேர்வும் தேறிய பின்னரும், அவர் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை.

அம்மையார் சோர்ந்தாரில்லை. 1904-இல் வங்காளத்துக் கோர்ட் ஆப் வார்ட்ஸில் பெண் உதவியாளராக அமர்ந்தார். பல்லக்கிலும் படகிலும் யானை மீதும் ஊர்தோறும் சென்று, அந்தப்புரங்களில் அமர்ந்து குறை கேட்டார். விதவையரும் அனாதைச் சிறாருமாக அறுநூற்றுவர்க்கு மேற்பட்டோர் இவரால் பயனடைந்தனர் என்பர். ஆயினும் மன்றில் நின்று வழக்குரைக்கும் உரிமை மட்டும் இல்லை.

இத்தடை அவர் ஒருவர்க்கு மட்டுமன்று. 1916-இல் ரெஜினா குஹாவைக் கல்கத்தா உயர்நீதிமன்றமும், 1921-இல் சுதான்சுபாலா ஹஸ்ராவைப் பாட்னா உயர்நீதிமன்றமும் ஏற்க மறுத்தன. அவ்வாண்டிலேயே அலகாபாத் உயர்நீதிமன்றம் கார்னீலியாவைப் பதிவு செய்து வழிகாட்டிற்று. 1923-இல் பெண்பாலர் என்பது தடையாகாதென மத்தியச் சட்டமே பிறந்தது. அம்மையாருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது கடந்திருந்தது. பின்னர்க் கல்கத்தாவில் சில ஆண்டுகள் தொழில் நடத்தி, 1954-இல் இலண்டனில் மறைந்தார்.

அவர் ஆங்கில ஆட்சியை ஆதரித்தார். காந்தியடிகளின் இயக்கத்தை எதிர்த்தார். அதனை நாம் ஒப்பவில்லை. ஆயினும் அவர் தொண்டு மறக்கற்பாலதன்று. வரம்பு வேண்டும், அது காக்கப்பட வேண்டியவரைக் காக்கின்றதா என்று அவ்வப்போது நோக்கவும் வேண்டும். இன்று நம் மகளிர் கறுப்பு அங்கி அணிந்து மன்றம் ஏறுங்கால், முப்பதாண்டுகள் வாயிலில் நின்ற இவ்வம்மையாரை நன்றியுடன் நினைப்போமாக!